செல்லாத்தாள் நேர்ந்த கை

மார்கழி பாதியிலேயே அந்த வருஷம் காற்று இறங்கிவிட்டது. மலைத்தொடர் விட்டுக்கொடுத்த இடைவெளி வழியாகக் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து நுழைந்து, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை என்று ஒவ்வொரு ஊராகத் துடைத்துக்கொண்டு பாலக்காட்டுக்குப் போகிற கிழக்குக் காற்று. பிடித்தால் மாசி வரை விடாது. பனைமட்டைகள் ஓயாமல் அடித்துக்கொள்ளும். உதடு வெடிக்கும். காயப்போட்ட வேட்டியை அடுத்தவன் தோப்பில் போய் எடுத்து வரவேண்டும். கட்டுத்தரையில் எருமைகூடக் காற்றுக்கு முதுகைக் கொடுத்துத்தான் படுத்திருக்கும். அந்தக் காற்றில் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்கவேண்டுமென்றால் கொஞ்சம் சத்தமாகப் பேசவேண்டும். சந்துருவின் வீட்டில் அப்படிப் பேச யாருக்கும் மனசில்லாததால், அங்கே பெரும்பாலும் காற்றின் சத்தம்தான்.

வீட்டில் மூன்று பேர். சந்துரு, அவன் மனைவி யோகப்பிரியா, அவன் தாய் செல்லாத்தாள். பிள்ளை இல்லை. மூன்று ஏக்கர் தோப்பைக் கள்ளு இறக்கக் கொடுத்திருந்தார்கள். ஒன்றரை ஏக்கரில் நிலக்கடலை போடுவது. போன மாசியில் ஒரு காலை, தண்ணீர் விடப் போன சந்துரு மோட்டார் ரூமுக்குள் விழுந்து கிடந்தான். மரமேறுகிறவன்தான் பார்த்துக் கத்தினான். நாற்பத்தாறு வயதில் வாதம். பேச்சு ஒரு மாசத்தில் திரும்பியது. வலது கால் இழுத்து இழுத்து நடக்க வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. நெஞ்சோடு ஒட்டி மடிந்து, விரல்கள் உள்ளங்கையைக் கவ்விக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பான். காற்றில் துண்டு விலகினால் முதல் வேலையாக அதைத்தான் இழுத்துவிடுவான்.

மூன்று வேளைச் சோறும் செல்லாத்தாள்தான் ஊட்டினாள்.

"வாயத் தொற சாமி."

"அம்மா, அந்த ஸ்பூனக் குடு. நானே தின்னுக்கறேன்."

"எடது கையிலயா? நாஞ் சாவற வரைக்கும் இந்த ஊட்டுல அது நடக்காது."

"அப்பச் சீக்கிரம் சாவு."

"சாவறேன். இந்த ஒரு வாய வாங்கிக்க, அப்பறம் சாவறேன்."

கொள்ளுப் பருப்பும் மட்டையரிசிச் சோறும் பிசைந்த உருண்டை அவன் வாய்க்கு முன்னால் நிற்கும். அவன் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவான். அடுப்படியிலிருந்து யோகப்பிரியா பார்த்துக்கொண்டிருப்பாள். வாரம் ஒருமுறை வருகிற பாலியேட்டிவ் நர்ஸ் சிசிலி இடது கையால் சாப்பிடப் பழக்கச் சொல்லி எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். கையை விரித்து நீட்டுகிற பயிற்சியையும் சொல்லிக் கொடுத்தாள். சந்துரு இரண்டு நாள் செய்தான். வலி தாங்காமல் மூன்றாம் நாள் நிறுத்திவிட்டான்.

"சந்துரு சேட்டா, கை இப்படியே மடங்கி இருந்தா பின்னே தொறக்க முடியாது, கேட்டோ," என்பாள் சிசிலி. "நான் பயப்படுத்தறதில்ல. பழயபடி ஆயிரும்னு பொய்யும் சொல்லல. உள்ளங்கைக்குக் காத்துப் படணும், அத்தனைதான்."

"காத்துக்கென்னங்க சிஸ்டர் பஞ்சம்? வெளிய வந்து நில்லுங்க, உங்களையே தூக்கீட்டுப் போயிரும்."

சிசிலி சிரித்துவிட்டு, பிரஷர் பார்த்துவிட்டுப் போவாள். அவள் போனபின் அவன் துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொள்வான்.

தை பிறந்ததும் செல்லாத்தாள் ஒரு நாள் பையோடு வண்ணாமடை ரோட்டுக்குப் போய் வந்தாள். பேப்பரில் சுற்றிய பொருளைக் கட்டில்மேல் வைத்துப் பிரித்தாள். மண்கை. முழங்கைக்குக் கொஞ்சம் கீழே அறுத்தாற்போல, ஐந்து விரலும் விரித்து, செங்காவி நிறத்தில் சுட்ட கை. ஏரிக்கரை மாகாளிக்கு மாசித் திருவிழாவில் உருவாரம் என்று சுட்ட மண்ணுருவம் நேர்ந்து வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். கால்நோவுக்குக் கால், கண்நோவுக்குக் கண், குழந்தை வேண்டுமென்றால் குழந்தை. யோகப்பிரியா கல்யாணமான நாலாம் வருஷம் குழந்தை உருவாரம் தலையில் வைத்துச் சுற்றியவள்தான். அது பலிக்கவில்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

செல்லாத்தாள் மண்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"இதென்ன அம்மிணி, ரப்பர் கையொறைக்குள்ள மண்ண ஊத்துனாப்பல இருக்குது?"

"அச்சுல அடிக்கறதுங்க அத்தை. எல்லாம் அப்புடித்தான் இருக்கும்."

"எல்லாம் அப்புடித்தான் இருந்தா ஆத்தாளுக்கு ஆரு கைன்னு எப்புடித் தெரியும்? ஊருல கைநோவு இவனுக்கு மட்டுமா? சொசைட்டிக்காரன் பொண்டாட்டி கூடத்தான் கை தூக்க மாட்டாமக் கெடக்கறா. இதக் கொண்டு போயி வெச்சா, அவளுக்குச் சொகமாயி இவன் இப்புடியே உக்காந்திருப்பான்."

கட்டிலில் சந்துரு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நீ படம் போடறவதான? இவங் கையாட்டமே ஒண்ணு செஞ்சு குடு."

"எனக்கு மண்ணுல செஞ்சு பழக்கமில்லீங்க."

"பேப்பர்ல வருது, மண்ணுல வராதா? சோம்பேறித்தனத்துக்கு ஒரு பேரு."

சோம்பேறித்தனம் இல்லை. அதற்கு என்ன பேர் என்று யோகப்பிரியாவுக்கே தெரியாது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவள் வரைந்துகொண்டிருந்தவள். பாலக்காட்டில் இரண்டு வருஷம் ஓவியம் படித்தாள். அங்கன்வாடிச் சுவர்களில் யானையும் மயிலும் எழுதினாள். பிறகு கொழிஞ்சாம்பாறையில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனர் வேலை. காதுகுத்து, புதுவீடு, கட்சிக்காரர் பிறந்தநாள். கொரோனா இரண்டாம் வருஷம் வந்தது. வைகாசியிலும் ஆனியிலும் கடைக்கு வந்ததெல்லாம் இரங்கல் போர்டு. வாட்ஸப்பில் ஒரு போட்டோ வரும். முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, தோலை வழவழப்பாக்கி, பின்னால் மேகமும் பக்கத்தில் விளக்கும் வைத்து அனுப்பவேண்டும். ஒரு நாளில் ஏழு முகம் வந்த நாளும் உண்டு. ஆனி கடைசியில் அவள் அப்பாவின் முகம் வந்தது. அண்ணன்தான் அனுப்பியிருந்தான்; வேறு யாரிடம் கொடுப்பது? அதையும் அதே கையோடு வெட்டி, அதே கையோடு வழவழப்பாக்கி அனுப்பிவிட்டாள். மூன்றாம் நாள் ரோட்டோரத்தில் போர்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அப்பாவின் இடது கண்ணுக்குக் கீழே இருந்த மச்சத்தை அழுக்கென்று அழித்திருக்கிறாள். யாரும் கவனிக்கவில்லை. அம்மாகூட. அவளும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் கடைக்குப் போனாள், வேலை செய்தாள். ஆனால் தனக்காக ஒரு கோடு போடவில்லை. பென்சிலை எடுத்தால், எடுத்தது எதற்கு என்று தோன்றும், வைத்துவிடுவாள். சந்துரு விழுந்ததும் வேலையையும் விட்டுவிட்டாள். விட்டதில் வருத்தம்கூட இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

செல்லாத்தாள் விடுகிற ஆளில்லை. காலையில் பால் கறக்கும்போது சொன்னாள், மத்தியானம் கடலைக்காய் உடைக்கும்போது சொன்னாள். நாலாம் நாள் யோகப்பிரியா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வண்ணாமடை ரோட்டுக்குப் போனாள்.

ராமலட்சுமியின் சூளை ரோட்டை ஒட்டியே இருந்தது. அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தொட்டி வனைகிற மோட்டார் திருவை மூன்று, ஆறு வேலையாட்கள். கோயமுத்தூர் நர்சரிகளுக்குப் பூந்தொட்டி லாரி லாரியாகப் போய்க்கொண்டிருந்தது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டே வந்தாள்.

"மண்ணா? மண்ணு ஆருங்க்கா கேக்கறா இந்தக் காலத்துல? தொட்டி கேளுங்க, தாரேன்."

"மாமியார் கை உருவாரம் வேணுங்கறாங்க. என்னையே செய்யச் சொல்றாங்க."

"நாங்க செஞ்சது புடிக்கலியா?"

யோகப்பிரியா அடுக்கியிருந்த தொட்டிகளின் பக்கம் பார்த்தாள்.

"மொகத்தப் பாத்தாலே தெரியுது. ரப்பர் கையாட்டம் இருக்குதுன்னாங்களா? எல்லாரும் சொல்றாங்க. ஆனா வாங்கறாங்க." சிரித்துக்கொண்டே மிதித்துப் பதப்படுத்திய மண்ணைப் பெரிய உருண்டையாகப் பிடித்து பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்தாள். "ஈரத்துணி போட்டு மூடியே வெய்யுங்க. இந்தக் காத்து உள்ளார ஈரமா இருக்கயிலயே மேல வெடிக்க வெச்சுரும். அப்பறம், கெட்டியாச் செஞ்சறாதீங்க. மணிக்கட்டுப் பக்கமிருந்து உள்ள சொரண்டிப் பொள்ளலாக்கீருங்க. இல்லீன்னா சூளையில பட்டாசு வெடிக்கும், என்ற நூறு தொட்டியும் போயிரும்."

மறுநாள் மத்தியானம் கட்டிலுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் பலகை வைத்து, மண்ணை வைத்தாள். கிழக்குச் சன்னலைச் சாத்திவிட்டு வந்து நின்றாள்.

"துண்டை எடுக்கோணுங்க."

"அந்தக் கெழவிதான் பைத்தியமாட்டம் சொல்றான்னா, நீயுமா?"

"பார்க்காமச் செய்ய வராதுங்க."

அவன் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. வெளியே மட்டை அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவன் கண்ணை மூடிக்கொண்டான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவள் துண்டை விலக்கினாள்.

பதினோரு மாசமாக அந்தக் கையைக் குளிப்பாட்டியிருக்கிறாள், துவட்டியிருக்கிறாள், சட்டைக்குள் நுழைத்திருக்கிறாள். பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். தோல் மெலிந்து பளபளத்தது. விரல் கணுக்கள் வெளுத்து மேலெழுந்திருந்தன. சுண்டுவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் போகப் பார்த்துக்கொண்டிருந்தது. பெருவிரல் உள்ளே மாட்டி, அதன் நகம் மட்டும் ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் இடையில் எட்டிப் பார்த்தது. ஏதோ ஒன்றைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருக்கிற கை. அதற்குள் ஒன்றுமில்லை.

முதல் நாள் மண் ஒரு கிழங்கு போல நின்றது. இரண்டாம் நாள் கணுக்கள் வந்தன. மூன்றாம் நாள் அவள் உலை வைத்ததை மறந்து, சோறு அடிப்பிடித்து, செல்லாத்தாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஐந்தாம் நாள் முடிந்தது. துணியை விலக்கிக் காட்டினாள். சந்துரு பார்த்தான்.

"இப்புடியா இருக்குது?"

"ஆமாங்க."

"ம்," என்றான். அது குற்றம் சொன்னதா, ஏற்றுக்கொண்டதா என்று அவளுக்குப் புரியவில்லை.

நிழலில் ஒரு வாரம் உலரவிட்டு, பஞ்சு வைத்த அட்டைப்பெட்டியில் அதைச் சூளைக்குக் கொண்டுபோனாள். ராமலட்சுமி பெட்டியைத் திறந்தாள். கையை எடுக்கப் போனவள் எடுக்காமல் நின்றாள். வேலையாட்களில் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, 'ஐயோ' என்று பின்னால் போனாள்.

"அக்கா, இதச் சுட மாட்டேன்."

"ஏன், வெடிச்சிருமா?"

"வெடிக்காது. நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. அதுதான் பயமா இருக்குது." ராமலட்சுமி குரலைத் தாழ்த்தினாள். "ஆத்தாளுக்கு நோவுக் கைய ஆராச்சும் குடுப்பாங்களா? எது திரும்பி வேணுமோ அதத்தான வெக்கோணும்? நல்ல காலு, நல்ல கண்ணு, நல்ல கை. இத வெச்சா, இதுதான் வேணும்னு கேட்டாப்பல ஆயிரும். எங்க சூளையில இது ஏறாதுங்க்கா. கோவிச்சுக்காதீங்க."

யோகப்பிரியாவுக்குக் காது சூடானது. இத்தனை வருஷம் அந்த ஊரில் இருந்தும் அது அவளுக்குத் தோன்றவில்லை. பார்த்ததை அப்படியே செய்யவேண்டும் என்பது மட்டும்தான் தோன்றியது.

வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் செல்லாத்தாள் வாசலிலேயே நின்றிருந்தாள். பெட்டியை வாங்கித் திறந்தாள். அதுவரை ஈரத்துணிக்கு அடியில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

"அட பாவி. எம் பையங் கைய முடக்கியே ஆத்தாகிட்டக் குடுக்கப் பாத்தியா?"

"தெரியாமப் பண்ணீட்டேனுங்க."

"தெரியாமயா? அஞ்சு நாளு உக்காந்து, சோத்தத் தீச்சு, தெரியாமப் பண்ணுனியா? ஒரு வெரலு கூடவா நிமுந்து நிக்கோணும்னு உனக்குத் தோணுல?"

உள்ளேயிருந்து சந்துருவின் குரல் வந்தது. "அம்மா, உடு. இருக்கறதத்தான செஞ்சா?"

"இருக்கறதப் பாக்க எனக்குக் கண்ணு இல்லியா? அதுக்கு ஒரு மண்ணு வேறயா?"

யோகப்பிரியா பெட்டியை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். வாளித் தண்ணீரில் கையைப் போட்டாள். உலர்ந்த மண் தண்ணீரைக் குடிக்கும்போது சின்னச் சின்னக் குமிழியாகச் சத்தம் போடும். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலில் சுண்டுவிரல் போனது. பிறகு கணுக்கள். ஒரு மணி நேரத்தில் வாளியில் சேறுதான் இருந்தது.

திருவிழாவுக்கு ஐந்து வாரம் இருந்தது. பத்து நாள் அவள் மண்ணைத் தொடவில்லை. செல்லாத்தாளும் கேட்கவில்லை, அச்சுக் கையையே வைத்துவிடலாம் என்று அதை எடுத்து மஞ்சள் தடவி சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். வாளிச் சேறு மேலே தெளிந்து அடியில் இறுகியது. யோகப்பிரியா போக வர அதைப் பார்த்தாள். எல்லாம் முன்பிருந்தபடியே ஆகிவிட்டது என்று நினைத்தாள். ஆனால் ஒரு நாள் துணி மடிக்கும்போது, அவன் கை விரிந்திருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. பதினேழு வருஷம் கூடவே இருந்த கை. போனில் இருந்த படங்களை எல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒரு படத்தில் டிராக்டர் ஸ்டியரிங். ஒன்றில் மண்வெட்டி. ஒன்றில் யார் வீட்டுக் குழந்தையோ. கல்யாணப் படத்தில் தாலிக்கயிறு. எல்லாவற்றிலும் அந்தக் கை எதையோ பிடித்துக்கொண்டுதான் இருந்தது. வெறுங்கையாக விரிந்து ஒரு படம் இல்லை.

மறுநாள் சந்துருவின் முன்னால் போய் நின்றாள்.

"இடது கையக் காட்டுங்க. அதப் பாத்து மாத்திப் போட்டுக்கறேன். கம்ப்யூட்டர்ல அப்புடித்தான் பண்ணுவோம்."

அவன் இடது கையை விரித்துப் பார்த்தான். பிறகு தலையாட்டினான்.

"இது வேற. அதுல நடுவெரலுக்குக் கீழ தளும்பு இருக்குது. பண்ணையருவா பட்டது. ரேகையெல்லாம் வேற."

"தளும்பா? நான் பாத்ததேயில்லீங்களே."

"மூடிக் கெடந்தா எப்புடிப் பாப்ப?"

அதற்கு முன்னாலும் நான் பார்க்கவில்லையே என்று சொல்ல வந்தவள் சொல்லவில்லை.

சிசிலி அந்த வாரம் வந்தபோது, மடங்கின கையை எப்படி விரிப்பது என்று யோகப்பிரியா கேட்டாள். சிசிலி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு நோயாளியிடம் ஒன்றும் கேட்காமலே அவன் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினாள். சுடுதண்ணீரில் நனைத்த துண்டைப் பிழிந்து கையைச் சுற்றவேண்டும். பத்து நிமிஷம். பிறகு விரலை இழுக்கக்கூடாது. முதலில் மணிக்கட்டைக் கீழே மடக்கவேண்டும். அப்போது விரல்கள் தாமே கொஞ்சம் தளரும். பெருவிரலை நுனியில் பிடிக்காமல் அடியில் பிடித்து வெளியே எடுத்து, அதன் பிறகு மற்ற நாலையும்.

"மெதுவா மோளே. கதவு தொறக்கற மாதிரியில்ல, கேட்டோ. வாழப்பூ மடல் எடுக்கற மாதிரி."

விரல்கள் விலகியதும் உள்ளங்கையிலிருந்து புளித்த வாடை வந்தது. சந்துரு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் நெற்றி நரம்பு புடைத்தது. யோகப்பிரியா குனிந்து பார்த்தாள். வெளுத்து, ஊறி, நகம் பதிந்த நாலு பிறையோடு ஒரு உள்ளங்கை. நடுவிரலுக்குக் கீழே அந்தத் தழும்பு. இருந்தது.

தினமும் மத்தியானம் செல்லாத்தாள் எருமையை ஓட்டிக்கொண்டு போனபின் வேலை தொடங்கும். கையை விரித்துப் பிடிக்க அவளுடைய இரண்டு கையும் வேண்டும். பார்க்கும்போது செய்ய முடியாது. செய்யப் போனால் கை மூடிக்கொண்டுவிடும். அதனால் விரித்துப் பிடித்து, மனசுக்குள் எண்ணிக்கொண்டு, ஒரு விரலை மட்டும் பார்ப்பாள். விட்டுவிட்டு ஸ்டூலுக்கு ஓடி, மறப்பதற்குள் அதை மண்ணில் வைப்பாள். மறுபடியும் வருவாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பான்.

"எத்தன தடவ?"

"இந்த மோதிரவெரல் மட்டுமுங்க."

"நேத்தும் மோதிரவெரல்தான்."

"நேத்து வெச்சது கோணல்."

"என்றதே கோணல்தான். உடு."

ஒரு நாள் வலியில் அவளைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினான். அவள் கையை விடவில்லை. திட்டி முடித்து அவன் அழுதான். அப்போதும் விடவில்லை. பிறகு விட்டுவிட்டு, ஸ்டூலில் போய் உட்கார்ந்து, தழும்பின் கோட்டை ஈர்க்குச்சியால் மண்ணில் போட்டாள். அழுகை நிற்கும் வரை காத்திருந்து, துண்டைப் பிழிந்துகொண்டு மறுபடியும் வந்தாள். தனக்கு இரக்கமே இல்லையோ என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றினாலும் கண் அந்தக் கோட்டிலேயே இருந்தது.

ஒன்பதாம் நாள் அவள் கையைத் தொடப் போகும்போது அவன், "இரு," என்றான். இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து, வலது மணிக்கட்டை மடக்கி, பெருவிரலை அடியோடு பிடித்து வெளியே எடுத்தான். இடது உள்ளங்கையைப் பெருவிரலின்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, விரல்களால் மற்ற நாலையும் நிமிர்த்திப் பிடித்தான்.

"நீ அங்கயே உக்காந்து செய்யி. ஓடாத. தல சுத்துது உன்னப் பாத்து."

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்ப்பதும் குனிந்து செய்வதுமாக நாலு நாளில் கை முடிந்துவிட்டது. காற்று மட்டும் சன்னலைத் தட்டிக்கொண்டிருந்தது.

ராமலட்சுமி இந்தத் தடவை பெட்டியைத் திறந்ததும் சிரித்தாள். "இது ஏறும்," என்றாள். தொட்டிகளுக்கு நடுவில், நேரே தீப் படாத இடமாகப் பார்த்து வைத்தாள். மூன்றாம் நாள் சூளை பிரித்தபோது கை செங்கல் நிறத்தில், கீறல் இல்லாமல் வந்தது. செல்லாத்தாள் அதை மடியில் வைத்துத் தடவினாள். தழும்பில் விரல் நின்றது.

"இது பதினாறு வயசுல பட்டது. ரத்தத்தப் பாத்து நானே மயங்கி உழுந்துட்டேன்," என்றாள். அச்சுக் கையை எடுத்துப் பரண்மேல் போட்டாள்.

திருவிழா அன்றைக்கும் காற்று நிற்கவில்லை. செல்லாத்தாள் மஞ்சள்தண்ணீர் ஊற்றிக் குளித்து, ஈரச்சேலையோடு உருவாரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கோயிலைச் சுற்றினாள். தடியூன்றி வந்த சந்துரு ஆலமரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். யோகப்பிரியா மாமியாருக்குப் பின்னால், அவள் தடுமாறினால் பிடிக்க ஆயத்தமாக நடந்தாள். வெள்ளை வானத்துக்கு எதிரே, கூட்டத்தின் தலைகளுக்கு மேலே, அந்தக் கை விரிந்துகொண்டு போனது. இரண்டாம் சுற்றில்தான் அவளுக்குத் தெரிந்தது.

பெருவிரல் தப்பு.

தப்பு என்றால் பெரிய தப்பில்லை. அடிப்பகுதி அகலமாக இருந்தது. நுனி பின்பக்கமாக வளைந்திருந்தது. மற்ற நாலு விரலும் அவனுடையவை, உள்ளங்கை அவனுடையது. பெருவிரல் வேறெங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது போல நின்றது. அவன் இடது உள்ளங்கையால் மூடிப் பிடித்திருந்த இடம் அது. பார்க்காமலே செய்துவிட்டிருக்கிறாள்.

செல்லாத்தாள் கையை இறக்கி, கால்களுக்கும் கண்களுக்கும் தொட்டில்களுக்கும் நடுவில் வைத்தாள். விழுந்து கும்பிட்டாள். வைத்ததை எடுக்கக்கூடாது. அதில் குறை என்று வாய் திறக்கவும் கூடாது.

அதற்குப் பின் ஆறு நாள். வேண்டுதல் முடிந்துவிட்டதென்று செல்லாத்தாள் சிசிலியைக்கூட வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். ஆத்தாளிடம் ஒப்படைத்தாயிற்று, இனி அவள் பாடு. சந்துருவும் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டான். விரல்கள் பழையபடி கவ்விக்கொண்டன. மூன்று வேளையும் செல்லாத்தாள் ஊட்டினாள். வீட்டில் மறுபடியும் காற்றின் சத்தம்தான்.

யோகப்பிரியாவுக்கு மட்டும் நிலைகொள்ளவில்லை. ரசத்தில் உப்புப் போட மறந்தாள். கடலைக்கொடி பிடுங்கும்போது பெருவிரல் ஞாபகம். எருமைக்குத் தண்ணீர் காட்டும்போது பெருவிரல் ஞாபகம். அங்கே போய் அதை மட்டும் உடைத்துவிட்டு வரலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்து, நினைத்ததற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒன்று சரியாக வரவில்லையே என்று இப்படி அரித்தது எப்போது? அப்பாவின் போர்டைப் பார்த்த அன்றைக்குக்கூட அரிக்கவில்லை. அன்றைக்கு ஏதோ அறுந்துதான் போனது. இது வேறு. இது விடாது போலிருந்தது.

ஏழாம் நாள் மத்தியானம் செல்லாத்தாள் எருமையோடு போனதும், கட்டிலுக்கு எதிரே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க."

"ம்."

"அத்தைகிட்டச் சொல்லீராதீங்க."

அவன் பார்த்தான்.

"பெருவெரல் தப்புங்க. நான் செஞ்சது."

எங்கோ ஒரு மட்டை முறிந்து சரசரவென்று இறங்கி விழுந்தது.

"தெரியும்," என்றான்.

"எப்பத் தெரியும்?"

"நீ அதப் பெட்டியில வெக்கயிலயே."

"அப்பறம் ஏனுங்க சொல்லுல?"

"என்றது இல்லன்னு தெரிஞ்சுது. ஆருதுன்னு தெரியல. எங்கியோ பாத்திருக்கறனேன்னு யோசிச்சுட்டே இருந்தேன். அன்னிக்குப் பொழுதோட நீ தேங்காச் சில்லு எடுத்துட்டு இருந்தியல்ல, அப்பப் பாத்தேன்." அவன் தாடையால் அவள் கையைக் காட்டினான். "உன்றது."

அவள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். அகலமான அடி. பின்பக்கம் வளைந்த நுனி.

"என்ற கையில உன்ற வெரல ஒட்டி ஆத்தாகிட்டக் குடுத்துட்டு வந்திருக்கற," என்றான். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. வாதத்துக்குப் பின் அவன் சிரிப்பு அப்படித்தான். "அவளும் தலையப் பிச்சுட்டு உக்காந்திருப்பா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்கு இன்னொண்ணு செய்யோணுங்க."

"எதுக்கு? வெச்சாச்சே."

"ஆத்தாளுக்கில்லீங்க."

"பின்ன ஆருக்கு?"

அவள் யோசித்தாள். பதில் தேடி அல்ல. தெரிந்த பதிலைச் சொல்லலாமா என்று.

"ஆருக்குமில்லீங்க. அந்த வெரல் எப்புடி இருக்குதுன்னு எனக்குத் தெரியோணும்."

"ஒரு வாரமா மூடிக் கெடக்குது. முன்னைக்கிம் மோசமா நோகும்."

"நோகுமுங்க."

வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்று அவள் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் சன்னலைப் பார்த்தான். வெளியே தோப்பு முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"போயி சுடுதண்ணி வெய்யி," என்றான்.